எலுமிச்சைக் கன்றும் மிச்சத் தண்ணியும்

நர்சரி வாசல்ல இருக்கிற நீல டிரம்முல நீங்க கை கழுவுதீங்களாம். எசக்கி போன் போட்டு ஒரே புலம்பல். "யக்கா, புதுசா வந்த பிள்ளைக எச்சிக் கைய அதுக்குள்ள முக்குதுக. கேட்டா, ஆண்ட்டி இது எதுக்கு சும்மா கெடக்குன்னு என்னயவே திருப்பிக் கேக்குதுக. நான் சொன்னா எடுபடல. நீங்க எழுதிக் குடுங்க, நான் வாசிச்சுக் காட்டுதேன்"னா.

அதான் எழுதுதேன். நான் பேச்சியம்மா. தாராவில பொறந்து, செம்பூர்ல இதே நர்சரில இருபத்தெட்டு வருஷம் இருந்து, சூப்பர்வைசரா ரிடையர் ஆனவ. இப்ப நெருள்ல மக வீட்டுல இருக்கேன். உங்கள்ல பாதிப் பேருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராதுன்னு தெரியும். என் மகளும் அந்த லட்சணம்தான். அதனால எசக்கி வாசிக்கும்போது போனை நோண்டாம காதைக் குடுங்க.

ஒண்ணு முதல்லயே சொல்லிருதேன். இது நான் கெட்டிக்காரத்தனமா ஒரு காரியம் செஞ்ச கதை இல்ல. ஒரு மாசம் பூரா தலையும் புரியாம வாலும் புரியாம அலைஞ்ச கதை. அதுல ஒரு பாதி இன்னைக்கும் எனக்கு விளங்கல. விளங்குன மாதிரி உங்ககிட்ட நடிக்கப் போறதும் இல்ல.

ஒரு நாள் காலைல சவிதாபாய் வந்து நின்னா. முர்பாடு பக்கம் மலைச் சரிவுல அவளுக்கு ஒரு துண்டு நிலம். கிணறு கிடையாது, போர் கிடையாது, வானத்தைப் பாத்த பூமி. முந்தின வருஷம் நம்மகிட்ட இருநூறு எலுமிச்சைக் கன்னு வாங்கிட்டுப் போய், மழை தொடங்கினதும் நட்டிருக்கா. ஆகஸ்ட்ல பதினெட்டு நாள் மழை நின்னு போச்சு. கன்னு அம்புட்டும் கருகிட்டு. இருநூறுல தப்பிச்சது பதினொண்ணு.

கோவத்துல கத்தியிருந்தான்னா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அது எனக்கு நல்லா வரும். அவ கத்தல. துணிப்பையில இருந்து ஒரு காஞ்ச கன்னை எடுத்து என் மேஜை மேல வச்சா, வச்சுட்டு என் முகத்தையே பாத்துட்டு நின்னா. நான் அதைக் கையில எடுத்துப் பாத்தேன். மண்ணுல ரெண்டு மாசம் இருந்த கன்னு. வேர் என்னன்னா, நம்ம கறுப்புப் பைக்குள்ள இருந்த அதே உருண்டையில அப்படியே சுருண்டு கெடக்கு. ஒரு வேர்கூட அந்த எல்லையைத் தாண்டி வெளிய கால் வைக்கல.

"என் கொழுந்தன் அந்தச் சரிவை ஃபார்ம் ஹவுஸ் கட்டுற பார்ட்டிக்குக் குடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். இன்னொரு தடவை நட்டுப் பாக்கேன், இதுவும் செத்தா கையெழுத்துப் போட்டுருதேன்னு சொல்லியிருக்கேன். இந்த மழைக்கு முன்னூறு கன்னு வேணும். சாகாத கன்னா குடு பேச்சிபாய்"னு மராட்டியில சொன்னா. சாகாத கன்னு. கடையில போய் நல்ல தேங்காயாக் குடுன்னு கேக்குத மாதிரி கேட்டா. 

ஏன் செத்துச்சுன்னு எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. தப்பு அவ மேல இல்ல, நம்ம மேல. நம்ம கன்னு நிழல் வலைக்குள்ள, தினம் காலைல தண்ணி, சாயந்தரம் தண்ணின்னு ஊட்டி வளத்த செல்லப்பிள்ளை. தண்ணியைத் தேடிப் போகணும்ங்கிற எண்ணமே அதுக்கு வந்தது கிடையாது. தேவைதான் என்ன? அதைக் கொண்டு போய்க் கல்லும் சரளையுமா இருக்கிற சரிவுல நட்டா அது என்ன செய்யும், பாவம்.

மலைக்குப் போற கன்னைப் பழக்கித்தான் அனுப்பணும். வெயில்ல கொண்டு வந்து வச்சு, தண்ணியை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, பெறகு ரெண்டு நாள் விட்டு ஒரு நாளாக்கணும். மத்தியானம் இலை சுருளும். பாக்கவே பகீர்னு இருக்கும். சுருளட்டும். மறுநாள் காலைல வந்து பாக்கும்போது விரிஞ்சிருந்தா, கன்னு தாங்குதுன்னு அர்த்தம். காலைலயும் சுருண்டபடியே இருந்தா, கணக்கெல்லாம் பாக்காம உடனே தண்ணியை ஊத்திரணும். நம்ம வேலையே அந்தக் காலை நேரத்துப் பார்வைதான். மத்தியானம் பாத்து முடிவெடுக்காதீங்க. மத்தியானம் எல்லாருக்கும்தான் முகம் வாடிப் போகுது.

மாதுங்கா மார்க்கெட்ல வாழையிலைக் கடை வச்ச குடும்பத்துல இருந்து வந்து இந்த நர்சரியைத் தொடங்கின நம்ம முதலாளி அண்ணாச்சிக்கு இது துளிகூடப் பிடிக்கல. "வாடின இலையை எவன் வாங்குவான் பேச்சி? நாப்பது வருஷமா நான் பாக்கேன், பச்சையா இருந்தாத்தான் யாவாரம்"னாரு. செத்த கன்னைக் கையில குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "சரி, உன் பொறுப்பு. வாடிச்சுன்னா என் மூஞ்சியில முழிக்காத"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

ஏப்ரல் தொடக்கத்துல முன்னூறு பையையும் வெளிய கொண்டு வந்து, வாசலுக்குப் போற பாதை ஓரமா அடுக்கினோம். பாதையோட நீளத்துக்கு, பத்து வரிசை. நம்ம பொம்பளைகளைக் கூட்டி வச்சுச் சொன்னேன். பதினாலு பேரு, முக்கால்வாசி தாராவி, மிச்சம் சயான் கோளிவாடா. "இந்தக் கன்னுகளுக்கு எவளும் தண்ணி ஊத்தக் கூடாது. நான் மட்டும்தான் ஊத்துவேன்." எல்லாரும் தலையை ஆட்டினாளுக. எசக்கி மட்டும், "பச்சப் பிள்ளையப் பட்டினி போடுத மாதிரில்லா இருக்கு"ன்னு முனங்கினா. அவ எப்பவும் எதையாவது முனங்குவா, நான் கண்டுக்கல.

முதல் வாரம் ஒழுங்காப் போச்சு. ரெண்டாவது வாரம்தான் எனக்குப் பிடிச்சது சனியன்.

நடு வரிசைக் கன்னு எல்லாம் மத்தியானம் சுருளுது, காலைல விரியுது. நான் நினைச்ச மாதிரியே. ஆனா பாதை ஓரத்து வரிசை மூணும் சுருளவே இல்ல. தளதளன்னு பச்சை. புதுத் தளிர் வேற விட்டிருக்கு. நர்சரி வேலையில கொஞ்ச நாள் இருந்தவங்களுக்குத் தெரியும், ஓரத்துப் பைதான் முதல்ல காயும். வெயில் பக்கவாட்டுல அடிக்கும், காத்து அடிக்கும். நடுப்பை ஒண்ணுக்கொண்ணு நிழல் குடுத்துக்கிட்டு ஈரமா இருக்கும். இங்க எல்லாம் தலைகீழ். ஓரத்துப் பையைத் தூக்கிப் பாத்தா கனக்குது, நடுப்பையைத் தூக்கினா பஞ்சு மாதிரி வருது.

பைப்பு எங்கயாவது கசியுதான்னு பாதை நெடுகத் தோண்டிப் பாத்தேன். காஞ்ச மண்ணுதான் வந்துச்சு. மண்கலவை மாறிப் போச்சோன்னு பத்துப் பையில மண்ணைக் கிளறிப் பாத்தேன். எல்லாம் ஒரே கலவை. பெறகு என் புத்தி பாண்டு மேல போச்சு. பாண்டு நம்ம மாலி, அதான் தோட்டக்காரரு, மராட்டிக்காரரு, பாதைக்கு அந்தப் பக்கம் ரோஜாவுக்கு ஹோஸ் பிடிக்கிறவரு. நல்ல மனுஷன். அவர் பிடிக்கிற ஹோஸ்தான் இந்தப் பக்கம் தெறிக்குதுன்னு முடிவு கட்டி, எல்லாருக்கும் முன்னால வச்சு, "கண்ணை எங்க வச்சுக்கிட்டு வேல பாக்குதீரு"ன்னு கேட்டுட்டேன். அவர் ஹோஸைச் சுருட்டி வச்சுட்டு, அன்னைல இருந்து பூவாளியில மொண்டு மொண்டு ரோஜாவுக்கு ஊத்தினாரு. அந்த வெயில்ல, அந்த வயசுல. அஞ்சு நாள் கழிச்சும் ஓரத்து வரிசை பச்சையாத்தான் இருந்துச்சு. எனக்கு அவர் முகத்தைப் பாக்க வெக்கமாப் போச்சு. ஆனா மன்னிப்பும் கேக்கல. அப்ப எனக்கு வாய் மட்டும்தான் நீளம்.

பெறகு ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன் பாருங்க. ஓரத்துப் பையை எல்லாம் நடுவுக்கும், நடுப்பையை எல்லாம் ஓரத்துக்கும் மாத்தச் சொன்னேன். இடத்துல கோளாறா கன்னுல கோளாறான்னு தெரிஞ்சு போகும்ல. நாலே நாள். ஓரத்துக்கு வந்த கன்னு பச்சையாச்சு, நடுவுக்குப் போன கன்னு சுருண்டுச்சு. அப்ப இடத்துலதான் கோளாறு. ஆனா அந்த இடத்துல என்ன இருக்கு? ஒரு எளவும் இல்லியே! நிழல் இல்ல, கசிவு இல்ல, ஹோஸ் இல்ல. நான் அந்தப் பாதையில குத்த வச்சு உக்காந்து மண்ணையே பாத்துட்டு இருந்தேன். அண்ணாச்சி அந்தப் பக்கமா வந்தவரு, "என்ன பேச்சி, ஏதும் தொலைச்சிட்டியா?"ன்னாரு. ஆமா அண்ணாச்சி, புத்தியத் தொலைச்சிட்டேன்னு சொன்னேன்.

பொம்பளைகளை ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டுக் கேட்டேன். "தண்ணி ஊத்தினியா?" இல்லக்கா. "சத்தியமா?" முத்தாரம்மன் மேல சத்தியம்க்கா. எசக்கி தலையில அடிச்சு சத்தியம் பண்ணினா. செல்வி அழுதே போட்டா. பதினாலு பேரு மூஞ்சியிலயும் பொய் இல்ல. எனக்கு மனுஷ மூஞ்சி பாக்கத் தெரியும். அதுதான் இன்னும் குழப்பிட்டு. கன்னு பொய் சொல்லாது, இவளுகளும் பொய் சொல்லல. அப்ப பொய் சொல்லுதது யாரு? வீட்டுல சோறு இறங்கல. பஸ்ல வரும்போது செம்பூர் ஸ்டாப்பை விட்டுட்டு ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினேன். கனவுல சவிதாபாய் துணிப்பையைத் திறந்து திறந்து காஞ்ச கன்னா எடுத்து வச்சுக்கிட்டே இருக்கா.

மே மாசம் நடு வாக்குல ஒரு நாள், அஞ்சு மணி, வேல முடிஞ்சு எல்லாரும் கிளம்புற நேரம். நான் வழக்கமா அந்த நேரம் உள்ள ரிஜிஸ்டர் எழுதிட்டு இருப்பேன். அன்னைக்குத் தலைவலி. வாசல் பக்கத்துல இருந்த என் நாற்காலியில சும்மா உக்காந்திருந்தேன்.

எசக்கி வந்தா. செருப்பை மாட்டிக்கிட்டே செல்விகிட்ட ஏதோ மாமியார் கதை பேசிட்டு வாரா. பேச்சு நிக்கல, நடை நிக்கல. கை மட்டும் தன்னால கூடைக்குள்ள போய் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, ஓரத்துப் பை நாலஞ்சுல ஒவ்வொரு மிடறு விட்டுக்கிட்டே வருது. அவ கண்ணு அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. பின்னாலயே செல்வி. டிபன் டப்பாவை அலசின தண்ணியை அப்படியே வீசிட்டுப் போனா. அதுக்குப் பின்னால இன்னொருத்தி. அதுக்குப் பின்னால இன்னும் நாலு பேரு.

நாற்காலியில இருந்து எந்திரிச்சு ஒரு கத்து கத்தினேன் பாருங்க, ரோட்டுல போன ரிக்ஷாக்காரன் பிரேக் போட்டான். "ஏட்டி எசக்கி! என்னட்டி பண்ணுத? முத்தாரம்மன் மேல சத்தியம் பண்ணினியே, நாக்கு அழுகிப் போகாதா உனக்கு!"

எசக்கி திருதிருன்னு முழிச்சா. "என்னக்கா? நான் என்ன செஞ்சேன்?"

"தண்ணி ஊத்துதியே, கையில என்ன?"

"இதுவா?" பாட்டிலைப் பாத்தா. அவளுக்கே அப்பத்தான் தெரியுது. "நான் எங்கக்கா தண்ணி ஊத்தினேன்? மிச்சத்தத்தான ஊத்தினேன்!"

இது உங்களுக்கு விளங்காது. உங்க வீட்டுல எல்லாம் இப்ப பில்டிங், குழாயைத் திறந்தா தண்ணி. எங்க சந்துல காலைல ரெண்டு மணி நேரம்தான் வரும். புதுத் தண்ணி பிடிக்கணும்னா நேத்துத் தண்ணி மிச்சத்தைக் காலி பண்ணணும். ஆனா சாக்கடையில கொட்டக் கூடாது. கொட்டினா எங்க அம்மா கையிலயே அடிப்பா. ஏதாவது ஒரு உயிருக்கு ஊத்தணும். துளசிக்கு ஊத்து, நாய்க்கு வை, காக்காய்க்கு வை. வெளிய கொண்டு போன தண்ணியையும் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது, வழியிலயே எதுக்காவது ஊத்திட்டு வரணும். அது எங்க யாருக்கும் தண்ணி ஊத்துறதுன்னே கணக்கு இல்ல. மூச்சு விடுத மாதிரி. நீ மூச்சு விட்டியான்னு எவளாவது கேட்டா என்னன்னு சொல்லுவீங்க? அன்னைக்கு அத்தனை பேரும் சொன்னது உண்மைதான்.

நான் விடல. கோவம் தலைக்கு ஏறிட்டு. "மிச்சமாம் மிச்சம்! கூறு இருக்காட்டி உங்களுக்கு? தினம் ஒரு மிடறு மேலாப்புல ஊத்தினா வேர் கீழ போகுமா? அந்த ஒரு மிடறுக்காக மேலயே வாயைப் பொளந்துட்டுக் கெடக்கும்லா! சவிதாபாய்க்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"னு கத்திட்டு இருக்கேன். அப்ப ரோஜாப் பக்கம் இருந்து பாண்டு சிரிச்சாரு. பத்துப் பதினஞ்சு நாளா என்கிட்டப் பேசாத மனுஷன். "அரே பேச்சிபாய், தும்ஹாரே ஹாத் மே க்யா ஹை?"ன்னாரு. உன் கையில என்ன இருக்குன்னு கேக்காரு.

குனிஞ்சு பாத்தேன். என் வலது கையில என் பாட்டில். மூடி திறந்திருக்கு. பாட்டில் கவுந்திருக்கு. என் நாற்காலிக்குப் பக்கத்துல இருந்த பையில கடைசிச் சொட்டு இறங்கிட்டு இருக்கு. கத்திக்கிட்டே ஊத்தியிருக்கேன்! அந்த நாற்காலியைச் சுத்தி இருந்த கன்னுகதான் முன்னூறுலயும் ரொம்பப் பச்சை. நான் அதைக் கவனிச்சே இருந்தேன், வாசக்காத்து படுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

பதினாலு பேரும் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்கு. எனக்குச் சிரிப்பு வரல. ஒரு மாசமா நான் தேடுன ஆளு நான்தானா? கூசிப் போச்சு எனக்கு. நேரா பாண்டுகிட்டப் போய் அத்தனை பேருக்கும் முன்னால கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லாருக்கும் முன்னால வச்சுத்தான திட்டினேன், மன்னிப்பை மட்டும் மறைவாக் கேட்டா சரியா? அவர் என் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டுட்டு ஹோஸை விரிக்கப் போயிட்டாரு.

மறுநாள் எல்லாரையும் உக்கார வச்சு, ஏன் ஊத்தக் கூடாதுன்னு மறுபடியும் சொன்னேன். இப்பவே கொஞ்சம் கொஞ்சமாக் கஷ்டம் பழகினாத்தான் அங்க போய்ப் பொழைக்கும்னேன். அப்ப எசக்கி ஒண்ணு கேட்டா. முனங்கல, நேரா நிமிந்து பாத்துக் கேட்டா.

"யக்கா, போன வருஷம் மே மாசம் எங்க சந்துல மூணு நாள் தண்ணி வரல. நாங்களும் பொழைச்சுத்தான் கெடந்தோம். அதுக்காக, பழகிக்கிட்டாளுக, இவளுகளுக்கு இது போதும்னு எவனாவது சொன்னா நீங்க சும்மா விடுவீங்களா? அதையேதான இப்ப கன்னுக்குச் சொல்லுதீங்க?"

  கன்னு வேற மனுஷன் வேறன்னு சொல்லலாம். ஆனா இருபத்தெட்டு வருஷம் கன்னைப் பிள்ளைன்னுதான சொல்லிட்டு இருந்தேன்? இன்னைக்கும் அந்தக் கேள்வி நெஞ்சுல முள்ளாக் கெடக்கு. ஆனா அன்னைக்கு ஒண்ணு மட்டும் தெளிவாச்சு. ஊத்தாதேன்னு சொல்லி இவளுக கையைக் கட்ட முடியாது, என் கையையே கட்ட முடியல. அதான் பழைய நீல டிரம் ஒண்ணைக் கழுவி வாசல்ல வச்சேன். மிச்சத்தை எல்லாம் இதுல ஊத்துங்க, காலைல இது நேத்து முளைச்ச நாத்துக்குப் போகும்னேன். ஒரு உயிருக்குத்தான போகுது? அன்னைல இருந்து எவளும் பையில ஊத்தல. அதுதான் அந்த டிரம். அதுலதான் நீங்க எச்சிக் கையை முக்குதீங்க.

மழைக்கு மூணு வாரம்தான் இருந்துச்சு. நான் இடம் மாத்தி விளையாடினதுல எது பழகின கன்னு, எது பழகாத கன்னுன்னே தெரியாமக் கலந்து போச்சு. காலைலயும் மத்தியானமும் ஒவ்வொண்ணாப் பாத்து, பையைத் தூக்கிப் பாத்துப் பிரிச்சேன். ஜூன்ல சவிதாபாய் டெம்போ கொண்டு வந்தப்போ, நூத்தி எண்பது கன்னு தயார். இலை சின்னது, கெட்டி, நிறமும் கொஞ்சம் மங்கல். மிச்சம் நூத்தி இருபது தளதளன்னு இருக்கு.

சவிதாபாய் நேராப் போய் அந்த நூத்தி இருபதுகிட்டதான் நின்னா. முகமெல்லாம் சிரிப்பு. அண்ணாச்சி என் பக்கம் குனிஞ்சு, "நான் சொன்னேன்லா? மொத்தத்தையும் ஏத்தி விடு. அவளே கேக்கா"ன்னாரு. முன்னூறு குழி தோண்டி வச்சிருக்கா. டெம்போ வாசல்ல நிக்கு. வானம் கறுத்துட்டு வருது. நான் ஒண்ணும் சொல்லலன்னா யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த நேரத்துல எனக்கு ஒரு சந்தேகமும் வந்துட்டு: ஒருவேளை நான்தான் தப்போ? பச்சையா இருக்கிறதே நல்லதோ? ஒரு மாசம் பூரா தப்பாவே நினைச்சவ இப்ப மட்டும் சரியா நினைப்பாளா?

ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒவ்வொரு பையை எடுத்து அவ முன்னாலயே பக்கவாட்டுல கிழிச்சேன். பச்சைக் கன்னுல வேர் எல்லாம் மேல் மண்ணுல ஜடையாக் கெடந்துச்சு. மங்கல் கன்னுல அடி மண்ணு வரைக்கும் வெள்ளை வேர் இறங்கி இருந்துச்சு. பாட்டில் தண்ணிக் கதை அத்தனையும் சொன்னேன், நான் ஊத்தினதையும் சேத்து. "இந்த நூத்தி இருபதை நான் இப்ப தர மாட்டேன்"னேன்.

"அப்ப நான் தோண்டின நூத்தி இருபது குழி? கையெல்லாம் கொப்புளம் பாரு!" இந்தத் தடவை கத்தினா. நல்லாவே கத்தினா. நான் தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன். கடைசியில நூத்தி எண்பதை ஏத்திக்கிட்டுத் திரும்பிப் பாக்காமப் போனா. 

ஆகஸ்ட்ல மறுபடியும் மழை நின்னுச்சு. ஒரு வாரம், பத்து நாள். பன்னிரண்டாம் நாள் என்னால இருக்க முடியல. லீவு போட்டுட்டுக் கல்யாண் வரைக்கும் ரயில், அங்க இருந்து எஸ்.டி. பஸ், பெறகு நடை. சரிவுல ஏறும்போது உச்சி வெயில்.

நூத்தி எண்பது கன்னும் சுருண்டு நிக்கு. அத்தனையும்.  மத்தியானம் பாத்து முடிவெடுக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொன்னவ, என் கண்ணுல தண்ணி முட்டிட்டு. கை தன்னால பைக்குள்ள போய் பாட்டிலை எடுத்துட்டு. சவிதாபாய் எங்க இருந்து வந்தாளோ, என் மணிக்கட்டைப் பிடிச்சா. "நகோ, ஊத்தாத. காலைல பாரு"ன்னா.

அன்னைக்கு அவ வீட்டுலயே தங்கினேன். கொழுந்தன், நிலம் கைக்கு வந்துட்ட மாதிரி ஒரு பார்வை பாத்துட்டுப் போனான். விடிஞ்சதும் விடியாததுமா ரெண்டு பேரும் சரிவுக்குப் போனோம். முதல் கன்னு விரிஞ்சிருந்துச்சு. அடுத்ததும். அதுக்கு அடுத்ததும். எண்ணிக்கிட்டே நடந்தேன். ஒன்பது காஞ்சு போயிருந்துச்சு, மிச்சம் நூத்தி எழுபத்தொண்ணும் கையை விரிச்சுட்டு நிக்கு. நான் அங்கயே உக்காந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். இவ்வளவு நாளும் சரியாத்தான் செஞ்சேனான்னு தெரியாம இருந்துட்டு, தெரிஞ்சதும் ஏன் அழுகை வருதுன்னு எனக்கு இன்னும் புரியல.

கிளம்பும்போது சவிதாபாய் சரிவுல பாதி வரைக்கும் கூட வந்தா. கீழ இருக்கிற அடிபம்புல இருந்து தலையில சுமந்துதான் அவ வீட்டுக்குக் குடிதண்ணியே வருது. என் பாட்டில்ல கால்வாசி மிச்சம் இருந்துச்சு. பேசிக்கிட்டே நடக்கேன், மூடி திறந்துட்டு, கை கடைசி வரிசைக் கன்னுப் பக்கம் சாயுது. என்ன சொல்ல, இந்தக் கை திருந்தவே திருந்தாது.

அவ பாட்டிலைப் பிடுங்கினா. "அதுக்கு வேண்டாம் பேச்சிபாய். எனக்குத்தான் தாகம்"னா.

அண்ணாந்து ஒரு சொட்டு விடாமக் குடிச்சா. குடிச்சு முடிச்சு வாயைத் துடைச்சுட்டு, மூடியைத் திருகி, காலிப் பாட்டிலை என் கையில தந்தா. அதை நான் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.